ஃபைனலுக்கு ஒரு மொட்டை

எங்கள் டீம் முதல்முறையாக ஃபைனலுக்குள் நுழைந்த அன்று, சாமிக்குக் கொடுக்க என் தலையில் முடி இல்லை.

வேண்டிக்கொண்டது நானும் இல்லை, அப்பாதான். அவர் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. காரியத்தன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் உட்காரவைத்து என் தலையையும் மீசையையும் சுத்தமாக வழித்துவிட்டார்கள். காவிரியில் முங்கி எழுந்து வந்தபோது சின்னம்மாவுக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. "யாரு இந்தப் புள்ள?" என்று பக்கத்தில் கேட்டாள்.

அப்பா தனியார் டவுன் பஸ் டிரைவர். ஸ்ரீரங்கத்துக்கும் ஜங்ஷனுக்கும் நடுவே நாள் முழுக்க ஓடுகிற வண்டி. காவிரிப் பாலத்தில் டிராஃபிக் நின்றால் மற்ற டிரைவர்கள் ஹாரனை அழுத்துவார்கள். அப்பா காக்கிச் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுப்பார். தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, முன்னால் ஒரு இழுப்பு, சைடில் இரண்டு இழுப்பு, அப்புறம் கையால் ஒரு அமுக்கு. ஐம்பது தாண்டியும் அடர்த்தியாக, சுருட்டையாக, எண்ணெய் மினுக்கோடு இருக்கும்.

கண்டக்டர் அண்ணன் பின்னாலிருந்து கத்துவார்: "சீவுங்கண்ணே, நல்லா சீவுங்க. பொண்ணு வீட்டுக்காரங்க சத்திரத்துல காத்துகிட்டிருக்காங்க!"

பஸ்ஸே சிரிக்கும். அப்பா அவசரப்பட மாட்டார்.

அந்த முடியை அவர் எந்தச் சாமிக்கும் கொடுத்ததில்லை. அம்மா எத்தனையோ முறை அவர் பேரில் வேண்டிக்கொண்டு பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் கடைசி நேரத்தில் என் தலையை முன்னால் தள்ளிவிடுவார். சின்ன வயதில் நான் எதற்கெல்லாம் மொட்டை போட்டேன் என்று எனக்கே தெரியாது.

அப்படிப்பட்ட மனிதர் ஹாக்கிக்காகத் தலையைக் கொடுக்கிறேன் என்றார்.

அவர் பொன்மலைப் பக்கம் பிறந்தவர். அந்தப் பக்கத்துப் பையன்களுக்கு நடக்க வருவதற்கு முன்னால் ஹாக்கி வந்துவிடும். வேப்பங்கிளையை வளைத்து ஸ்டிக் செய்து ஆடியவராம். வளர்ந்து பஸ் ஓட்டப் போனாலும், எங்கள் டீம் ஆடுகிற நாளில் ஸ்பேர் டிரைவரை ஏற்றிவிட்டு கிரவுண்டுக்கு வந்துவிடுவார். எங்கள் டீம் என்றால் பெரிய டீம் இல்லை. பகலில் கூரியர் போடுகிறவன், ஏசி ரிப்பேர் பார்க்கிறவன், காலேஜ் படிக்கிறவன் எல்லாம் சேர்ந்த சின்ன கிளப். லீக்கில் முதல் நாலு இடம் வந்தால் பிளே ஆஃப். நாங்கள் ஐந்தாவது வருவோம். ஐந்தாவது வருவதில் எங்களை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது.

கிரவுண்டில் வெயில் முதுகில் விழும் பக்கத்து சிமெண்டுப் படிதான் எங்கள் இடம். அப்பா, நான், டயர் கடை பாய், ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருவர். வாத்தியாரை நாங்கள் சார் என்போம். அப்பா கையில் காலி எண்ணெய் டின்னும் உடைந்த ஸ்டிக் ஒன்றும் இருக்கும். அவர் டின்னைத் தட்ட ஆரம்பித்தால் எதிர் டீம் கோல்கீப்பர் திரும்பிப் பார்த்து முறைப்பான்.

போன வருஷமும் ஐந்தாவதாக வந்து பிளே ஆஃபைக் கோட்டைவிட்ட அன்று, அப்பா படியில் ஏறி நின்றார்.

"அடுத்த வருஷம் நம்ம பசங்க ஃபைனலுக்குப் போகட்டும். சமயபுரத்தா வாசல்ல இந்த முடிய இறக்கிடறேன். ஃபைனல் அன்னிக்கு மொட்டத் தலையோடதான் இந்தப் படில வந்து உக்காருவேன்!"

கேலரி முழுக்க அவர் தலையைப் பார்த்தது. பாய்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அண்ணே, கோவத்துல பேசாதீங்க. ஃபைனல் வரும் போகும். முடி போச்சுன்னா நீங்க யாருன்னு அண்ணிக்கே தெரியாது."

"சொன்னா சொன்னதுதான் பாய்."

"சாட்சிக்கு நாங்க இருக்கோம்" என்றார் சார்.

இந்த வருஷம் லீக் நடந்துகொண்டிருக்கும்போதே அப்பா போய்விட்டார். காலையில் ஷெட்டில் வண்டியை எடுக்கப் போனவர், ஸ்டியரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். நெஞ்சு. கண்டக்டர் அண்ணன்தான் முதலில் பார்த்தார். தூங்குகிறார் என்று நினைத்துக் கிண்டல்கூட செய்தாராம். அதைச் சொல்லிச் சொல்லி அழுதார்.

அதற்குப் பிறகு எங்கள் டீம் ஜெயிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு மேட்ச்சாக ஜெயித்தார்கள். நான் அரியமங்கலத்தில் வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறேன். போனில் ஸ்கோர் வரும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இதைப் போன வருஷமே ஆடித் தொலைத்திருந்தால் என்ன? அவர் இருந்து பார்த்திருப்பாரே.

நாலாவது இடத்தில் தொற்றிக்கொண்டு பிளே ஆஃபுக்குள் நுழைந்தோம். செமி ஃபைனல் அன்று, போவதா வேண்டாமா என்று வாசலில் நின்றேன். கட்டிலுக்கு அடியிலிருந்து டின்னை இழுத்து அம்மாதான் கையில் கொடுத்தாள்.

"போயிட்டு வா. இங்க உக்காந்து என் மூஞ்சியவே பாத்துகிட்டிருந்தா மட்டும் என்ன ஆவப்போவுது? ஆனா ரொம்ப ஆட்டம் போடாத. கேதம் விழுந்த வீடு."

போனேன். டின்னை மடியில் வைத்துக்கொண்டேன், தட்டவில்லை. மேட்ச் பாதி தாண்டியும் கோல் விழவில்லை. பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டா, டின்ன வயித்தோட அணைச்சுகிட்டு புள்ளத்தாச்சி மாதிரி உக்காந்திருக்க? ஒன்னு தட்டு. இல்ல எங்கிட்ட குடு."

"அம்மா ஆட்டம் போடாதன்னாங்க பாய்."

"ஆட்டம் நீ எங்க போடற? பசங்க போடறாங்க. நீ டின்னத்தான தட்டற."

மேட்ச் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. ஷூட் அவுட். கோல்கீப்பரும் ஆடுகிறவனும் நேருக்கு நேர், எட்டு செகண்டுக்குள் பந்தை உள்ளே தள்ள வேண்டும். எங்கள் கோல்கீப்பர் அந்தக் கூரியர் பையன்தான். கடைசி ஆள் வந்தான். இடப்பக்கம் ஏமாற்றி வலப்பக்கம் திருப்பினான். எங்கள் பையன் அப்படியே படுத்துவிட்டான். பந்து அவன் காலில் பட்டு வெளியே உருண்டது.

அப்புறம் நடந்தது எனக்குச் சரியாகத் தெரியாது. என் கை டின்னைத் தட்டிக்கொண்டிருந்தது. டின்னின் அடிப்பக்கம் பிய்ந்து போயிற்று. பாய் சட்டையைக் கழற்றிச் சுற்றினார். சார் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு குதித்தார். யாரோ சரவெடியைக் கொளுத்தி எதிர் டீம் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே போட்டுவிட, அங்கே ஒரு சண்டை வந்து அதுவும் அடங்கியது. கூரியர் பையனைத் தோளில் தூக்கியபோது, பேடோடு சேர்த்து அவன் கனம் தாங்காமல் எல்லோரும் சேர்ந்து விழுந்தோம். புல் தரையில் கிடந்தபடியே சிரித்தோம்.

சிரித்து முடித்து எழுந்தபோது சார் சொன்னார்: "தம்பி, உங்கப்பா மொட்டை."

எல்லோரும் என் தலையைப் பார்த்தார்கள். அரிசியில் கிடக்கிற கறுப்பு எள் மாதிரி அங்கங்கே துளிர்த்திருந்தது, அவ்வளவுதான்.

"அதான் மொட்டையாவே வந்து நிக்கறான்ல சார்? கணக்கு தீந்துச்சு" என்றார் பாய்.

"அது சாமிக்குக் குடுத்தது இல்ல பாய். அப்பாவுக்குக் குடுத்தது."

பாய் தன் தலையைத் தடவிப் பார்த்தார். "நான் குடுக்கலாம். பள்ளிவாசல்ல கேட்டா ஹாக்கிக்காகன்னு சொல்லிக்கலாம். ஆனா இருக்கறதே காதுக்கு மேல ரெண்டு கொத்து. ஆத்தா கோச்சுக்கும்."

"நான் வேளாங்கண்ணில குடுத்துட்டு வந்து இப்பத்தான் வளருது" என்றார் சார்.

"விடுங்க சார். இல்லாதவர்கிட்ட சாமி கேக்குமா?" என்றார் பாய்.

எனக்கு விட மனசில்லை. சொன்னால் சொன்னதுதான் என்று அத்தனை பேர் முன்னால் படியில் ஏறிச் சொன்னவர். ஃபைனல் அன்று அந்தப் படியில் வேண்டுதல் பாக்கியோடு உட்கார என்னால் முடியாது. நான் போகிறேன், இருப்பதை வழித்துக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றேன்.

மறுநாள் காலையில் அம்மாவிடம் சொன்னேன். ஒரு வருஷத்துக்குக் கோயில் படி மிதிக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"வேண்டிகிட்டது யாரு முடிய?"

"அப்பா முடிய."

"அப்ப உன்னுத எதுக்குக் குடுக்கற? ஆயுசு பூரா உன் தலையத் தள்ளிவிட்டுத்தான் தப்பிச்சாரு. இந்தத் தடவையும் விடறதா?"

கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஆணியில் அப்பாவின் காக்கிச் சட்டை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது, துவைக்காமல். அதன் பையிலிருந்து சீப்பை எடுத்து வந்தாள். எண்ணெய் அழுக்கோடு பல்லிடுக்கில் சுருள் சுருளாக அவர் முடி.

"ஏம்மா, செத்தவங்க முடியக் கோயிலுக்குக் கொண்டு போலாமா?"

"இதா செத்தவர் முடி? காலைல வண்டி எடுக்கப் போறப்ப சீவிட்டுப் போனது. உசிரோட இருக்கறப்ப உதுந்தது."

வெளிச்சத்துக்காக வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு ஊக்கால் ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுத்ததை மஞ்சள் துணியில் வைத்தாள். நான் பிடிக்கிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாள். காற்றில் ஒன்று பறந்தபோது தரையைத் தடவித் தேடி எடுத்தாள். அவ்வளவும் சேர்ந்து ஒரு விரல் நுனிக்குத்தான் வந்தது. கடைசியில் ஒரே ஒரு முடி சீப்பில் தங்கியிருந்தது. அவள் கண்ணுக்கு அது தெரியாமல் இல்லை. அதை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஃபைனல் அன்று காலையில் துணி முடிச்சைக் கையில் கொடுத்தாள். சீப்பை என் சட்டைப் பையில் சொருகினாள்.

"இதுவும் மேட்ச்சுக்கு வரட்டும். நீ கோயிலுக்குள்ள போவாத. முடி எடுக்கற இடத்தோட திரும்பிடு. வெளில நின்னே கோபுரத்தப் பாத்து, அவர் சொன்னபடி குடுத்துட்டாருன்னு சொல்லிட்டு வா."

சமயபுரத்தில் முடி எடுக்கிற இடத்தில் ஒரே கூட்டம். என் முறை வந்ததும், சவரம் செய்கிறவர் என் தலையில் தண்ணீரைத் தெளித்துத் தடவிப் பார்த்தார்.

"இதுல எடுக்க என்ன தம்பி இருக்கு? போன மொட்டை எங்க போட்டது?"

"அம்மா மண்டபத்துல."

அவர் கை நின்றது. "யாரு?"

"அப்பா."

"அதுக்குள்ள இது எதுக்கு?"

"ஹாக்கில ஃபைனல் போயிட்டோம்."

அவர் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் சவரம் செய்துகொண்டிருந்தவரிடம் சொன்னார்: "பரீட்சைக்கு வந்திருக்கான், வேலைக்கு வந்திருக்கான், ஃபாரினுக்கு வந்திருக்கான். ஹாக்கிக்கு இவன்தாண்டா மொத ஆளு."

நான் முடிச்சைக் காட்டி, அப்பா முடி என்று விவரம் சொன்னேன். அவர் அதை வாங்கவில்லை. காணிக்கை முடி போடுகிற இடத்தைக் காட்டி, "நீயே போடு" என்றார். போட்டேன். எத்தனையோ பேர் முடியோடு கலந்து, எது அவருடையது என்று தெரியாமல் போய்விட்டது. பிறகு என் தலையிலும் பேருக்குக் கத்தி வைத்துச் சந்தனம் பூசிவிட்டார்கள். சந்தனம் குளிர்ந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தமாகவே அழுதேன். சுற்றிலும் மொட்டை போட்ட குழந்தைகள் எல்லாம் அலறிக்கொண்டிருந்ததால் யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

வெளியே வந்து, கோபுரத்தைப் பார்த்துச் சொல்லவேண்டியதைச் சொன்னேன். அங்கிருந்து நேராக கிரவுண்டு. சந்தனத் தலையோடு படியேறியபோது கேலரி முழுக்க எழுந்து கத்தியது. ஃபைனலுக்கு வந்ததைவிட இதற்குத்தான் சத்தம் அதிகம் என்று சார் பிறகு சொன்னார். அப்பா உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தேன்.

மேட்ச்சில் தோற்றுவிட்டோம். மூன்றுக்கு ஒன்று.

"தப்பு டிரைவர் அண்ணன் மேலதான்" என்றார் பாய். "ஃபைனலுக்குப் போகட்டும்னுதான் வேண்டிகிட்டாரு. ஜெயிக்கட்டும்னு எங்க சொன்னாரு?"

"அவர் சொன்னத மட்டும் ஆத்தா கரெக்டா பண்ணிட்டா" என்றார் சார்.

இரண்டாம் இடத்துக்கு ஒரு சின்ன கப் கொடுத்தார்கள். அதற்கே அப்படி ஒரு ஆட்டம். திரும்பும்போது அப்பா ஓட்டிய வண்டியே வந்தது. ஸ்பேர் டிரைவர் எங்களைப் பார்த்துவிட்டு, ஸ்டாப் இல்லாத இடத்தில் நிறுத்தி ஏற்றிக்கொண்டார். சத்திரம் பஸ் ஸ்டாண்டு தாண்டும்வரை பிய்ந்த டின்னையே தட்டிக்கொண்டு வந்தோம். முன் சீட்டில் ஒரு அம்மா காதைப் பொத்திக்கொண்டு, "எதுலப்பா ஜெயிச்சீங்க?" என்று கேட்டார். "தோத்துட்டோம்மா!" என்று பாய் பெருமையாகச் சொன்னார்.

காவிரிப் பாலத்தில் டிராஃபிக் நின்றது. எனக்கு என்ன தோன்றியதோ, சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்தேன். முன்னால் ஒரு இழுப்பு, சைடில் இரண்டு இழுப்பு. காய்ந்த சந்தனம் பொடிப் பொடியாகத் தோளில் உதிர்ந்தது.

பின்னாலிருந்து கண்டக்டர் அண்ணன் குரல் வந்தது.

"சீவுங்க தம்பி, நல்லா சீவுங்க. பொண்ணு வீட்டுக்காரங்க ஸ்ரீரங்கத்துல காத்துகிட்டிருக்காங்க!"

பஸ்ஸே சிரித்தது. நான் அவசரப்படவில்லை.