கடைசிப் பத்தி

பத்திரிகை மேசையில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். இடம் போதவில்லை என்றால் செய்தியைக் கீழிருந்து வெட்டுவோம். முக்கியமானது மேலே இருக்கும். கடைசிப் பத்தி போனால் யாரும் தேடமாட்டார்கள். என் தங்கைக்கு வந்த மருத்துவக் கடிதத்தையும் அப்படித்தான் படித்துச் சொன்னேன்.

தங்கை பத்தாவது வரை தமிழில் படித்தவள். கணவர் வெள்ளிமலையில் ஜீப் ஓட்டுகிறார். மூத்த மகளுக்கு எலும்பு எளிதில் நொறுங்கும் நோய். தவழும் வயதில் தொடை எலும்பு முறிந்தது. பிறகு கை. பிறகு அதே தொடை. சென்னையில் மூன்று பேரின் ரத்தத்தையும் எடுத்து மரபணுச் சோதனை செய்தார்கள். முடிவு ஆங்கிலத்தில் இரண்டு பக்கக் கடிதமாக வந்தது. கள்ளக்குறிச்சியில் இருக்கும் என் வீட்டுக்கு அதை எடுத்துவந்தாள்.

"இன்னாண்ணே போட்டுக்குது? அடுத்தது பெத்துக்கலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லு."

முதல் பக்கம் தெளிவாக இருந்தது. பிழை குழந்தையிடம் இருக்கிறது. தாய் தந்தை ரத்தத்தில் இல்லை. ஆகவே புதிதாக ஏற்பட்டது. மறுபடி வரும் வாய்ப்பு குறைவு. இரண்டாம் பக்கத்தின் அடியில் 'எனினும்' என்று தொடங்கும் ஒரு பத்தி. ரத்தத்தில் தெரியாமலே பெற்றோரில் ஒருவரின் சில செல்களில் மட்டும் அந்தப் பிழை இருக்கக்கூடும். அடுத்த முறை கருவுற்றால் மூன்றாம் மாதத்துக்குள் சோதனைக்கு வரவும்.

அதைப் படித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். மாமியார் அவளை "உங்க வூட்டு எலும்பு" என்று பேசத் தொடங்கியிருந்த நேரம்.

"உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணும் இல்ல. இனிமே வராது. தைரியமா பெத்துக்கோ" என்றேன்.

அவள் அழுதாள். நல்ல செய்தி சொன்னவன் என்ற இடம் எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாவது பெண் பிறக்கும்போதே தொடை வளைந்திருந்தது. விழியின் வெள்ளையில் நீலம் படர்ந்திருந்தது. மூத்தவளுக்கும் அதே நீலம்.

சென்னைக்கு நானும் கூடப் போனேன். மருத்துவர் கோப்பைத் திறந்து, "மூணாவது மாசமே ஏன் வரலை? எழுதியிருந்தோமே" என்றார்.

"அப்படி ஒண்ணும் எழுதலீங்க. எங்க அண்ணன் பேப்பர்ல இருக்கறவரு. வரி வுடாம படிச்சி சொன்னாரு" என்றாள் தங்கை.

மருத்துவர் என்னைப் பார்த்தார். "அப்படிப் படிச்ச ஞாபகம் இல்லீங்க" என்றேன். பேட்டியில் அதிகாரிகள் இதைச் சொன்னால் நான் குறிப்பேட்டை மூடியதே இல்லை.

மாப்பிள்ளையின் விந்தணுக்களைச் சோதித்தார்கள். ஒரு பகுதியில் பிழை இருந்தது. அவர் தாயின் வயிற்றில் கருவாக இருந்தபோது செல் ஒன்று பிரிகையில் நேர்ந்தது. அதன் வழிவந்த செல்கள் மட்டும் அதைச் சுமக்கின்றன. ஓர் உடம்புக்குள் இரண்டு வகைச் செல்கள் என்று மருத்துவர் விளக்கினார். எனக்கு அச்சுக்கூடம் நினைவுக்கு வந்தது. ஓட்டத்தின் நடுவில் தகடு கீறினால், அதற்குப் பிறகு வரும் பிரதிகளில் மட்டும் கோடு விழும். முதலிலேயே எடுத்து அலுவலகத்தில் பார்க்கும் பிரதி சுத்தமாக இருக்கும். ரத்தம் அந்த அலுவலகப் பிரதி.

தங்கை அதைக் கேட்கும் நிலையில் இல்லை. "அப்ப ஒண்ணும் சொல்லல. இப்ப எங்க மேல பழி போடறாங்க. இனிமே அங்க காலே வெக்க மாட்டேன்" என்றாள். குழந்தையின் எலும்புக்கு வலு சேர்க்க இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ட்ரிப் ஏற்ற வேண்டும். ஒரு முறை தவறியது. அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

பிறகு மாப்பிள்ளை போன் செய்தார். "மச்சான், சட்ட மாத்தும்போது சின்னவ கை ஒடஞ்சிருச்சி. அதே ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேங்கறா. நீங்க சொன்னா கேப்பா."

காலைப் பேருந்தில் மலையேறினேன். குழந்தை தலையணையில் கட்டுப்போட்ட கையோடு கிடந்தாள். அவளைத் தூக்குவதானால் தலையணையோடுதான் தூக்குவார்கள். கடிதத்தைக் கேட்டு வாங்கி, கடைசிப் பத்தியைத் தமிழில் சொன்னேன்.

"இது இப்ப வந்த காயிதமா?"

"இல்ல. அப்ப வந்ததுதான்."

"நீ பாக்கலியா?"

"பார்த்தேன்."

மாப்பிள்ளை ஜீப் சாவியோடு வாசலில் நின்றிருந்தார். "இன்னா மச்சான், உங்க பேப்பர்ல இடம் பத்தலியா?" என்றார். சிரிக்கவில்லை.

தங்கை குழந்தையைப் பார்த்தபடியே கேட்டாள்: "மூணாவது மாசம் போயிருந்தா, இவ வேணாமான்னு கேட்டிருப்பாங்களா?"

"கேட்டிருக்கலாம். முடிவு உங்களோடதா இருந்திருக்கும்."

"அத நீயே பண்ணிட்ட."

எழுந்து குழந்தையின் துணிகளைப் பையில் வைத்தாள். கணவரிடம், "நாளைக்கி காலைல போலாம். வளைவுல மெதுவா ஓட்டுங்க" என்றாள்.

நானும் வருவதாகச் சொன்னேன்.

"நீ வாணாம்ண்ணே. டாக்டர் சொல்றத நானே கேட்டுக்கறேன். இங்கிலீசுல குடுத்தா பக்கத்து வூட்டு டீச்சர் படிச்சி சொல்லுவாங்க." கடிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "சாமைச் சோறு இருக்குது. சாப்ட்டுட்டு எறங்கு."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு முகம் இல்லை. அவள் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் சாப்பிட்டேன்.