மதலேனம்மாள் வாங்கிய இன்வெர்ட்டர்

கம்பம்மெட்டில் அன்றைக்கு மத்தியானமே பனி மூடிவிட்டது. ஏலக்காய் வியாபாரி சங்கையாவின் கடைக்கு உப்பும் புளியும் வாங்கப் போன மதலேனம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே, மூட்டைகளுக்கு மேலே, வெள்ளைவெளேரென்று ஒரு டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.

எழுபத்துநாலாம் வருஷம் அது. கடை இருந்த பக்கத்துக்கு மின்கம்பமே வரவில்லை.

"அண்ணாச்சி, இந்த லைட்டு எதுல எரியுது?"

சங்கையா மேஜைக்கு அடியில் காலை நீட்டிக் காட்டினார். அங்கே ஒரு லாரி பேட்டரி இருந்தது. அதை ஒட்டி, பிஸ்கட் டின் அளவுக்கு ஒரு தகரப் பெட்டி. "இன்வெர்ட்டர்ங்கிறாங்க. பேட்டரிக் கரண்ட்டை வீட்டுக் கரண்ட்டா மாத்திக் குடுக்குது. பாலக்காட்டுப் பக்கம் சித்தூர்ல கருப்புசாமின்னு ஒரு ரேடியோக்காரர் செய்யிறாரு. சொந்தக்காரங்க கல்யாணத்துக்குப் போனப்ப வாங்கியாந்தேன்."

உப்பும் புளியும் கடையிலேயே கிடந்தன. மதலேனம்மாள் பனிக்குள் ஓடினாள். ரோட்டோரம் வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்து கிரீஸ் போட்டுக்கொண்டிருந்த புருஷன் இன்னாசிராஜின் காலைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏங்க, வெளியே வாங்க! நமக்கு வழி பொறந்துருச்சு!"

அவள் அப்படித் துள்ளியதற்குக் காரணம் இருந்தது. மதலேனம்மாள் ஏலப்பாறையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். அப்பா சுவக்கீன் தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்தார். கொழுந்து பறிக்கப் போக இஷ்டமில்லாமல் கம்பத்தில் சித்தி வீட்டுக்குப் போய், அங்கே ஒரு போட்டோ ஸ்டுடியோவில் படம் கழுவச் சேர்ந்தாள். கொஞ்ச காலத்தில் இருட்டறையே அவள் கைக்கு வந்துவிட்டது. நெகட்டிவைப் பார்த்ததுமே எத்தனை வெளிச்சம் காட்ட வேண்டும் என்று சொல்லிவிடுவாள். அந்த ஸ்டுடியோவுக்கு எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்ப் படம் எடுத்து வந்தவன்தான் இன்னாசிராஜ். எடுப்பவன் அவன், கழுவிப் போடுபவள் அவள் என்று இருந்தது, கல்யாணத்தில் முடிந்தது.

ஒரு எஸ்டேட்காரர் பழைய ஆம்புலன்ஸ் வேனை ஏலத்தில் விட்டபோது இருவரும் அதை எடுத்தார்கள். நோயாளி படுக்கும் பலகை இவர்களுக்குக் கட்டில் ஆனது. அதைச் சுவரோடு மடக்கினால் அந்த இடத்தில் என்லார்ஜர் நிற்கும். நெகட்டிவைப் பெரிதாக்கிக் காகிதத்தில் இறக்கும் கருவி அது. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி. பின் கதவோரம் ஸ்டவ், குடம், சட்டி. வீடும் அதுதான், தொழிலும் அதுதான்.

ஒன்றே ஒன்றுதான் குறை. என்லார்ஜர் பல்புக்கு வீட்டுக் கரண்ட் வேண்டும். மலைமேல் பாதி லயங்களில் அது கிடையாது. எடுத்த படங்களைக் கம்பத்துக்குக் கொண்டுபோய்க் கழுவித் திரும்பி வருவதற்குள், படத்தில் இருந்தவர்கள் வேறு எஸ்டேட்டுக்குப் போயிருப்பார்கள். ஒருதடவை, பிள்ளையோடு எடுத்த படத்தைக் கொண்டுபோய் நீட்டியபோது பிள்ளை இல்லை, காய்ச்சலில் போய்விட்டிருந்தது. அந்தத் தாய் படத்தை வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். அன்று முழுக்க மதலேனம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. எடுத்த இடத்திலேயே, எடுத்த அன்றைக்கே படம் கொடுக்க வேண்டும் என்கிற வெறி அவளுக்கு அப்போது பிடித்ததுதான்.

இன்னாசிராஜ் பேட்டரியிலேயே எரியும் வேன் முகப்பு விளக்கின் பல்பை என்லார்ஜரில் மாட்டிப் பார்த்தான். நடுவில் பளீரென்று விழுந்த வெளிச்சம் ஓரத்துக்குப் போகவில்லை. கூட்டமாக எடுத்த படத்தில் கடைசியில் நின்ற, கூலியாட்களை மேய்க்கும் கங்காணி சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டார். "என்னைய மட்டும் எதுக்குடா சுண்ணாம்புல முக்குனே?" என்று சண்டைக்கு வந்தார். வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டரோ, பெட்ரோலையும் குடித்துக் காதையும் செவிடாக்கியது.

அதனால்தான் அந்த ஓட்டம். மறுநாளே வேன் கம்பத்துக்கு இறங்கியது. திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி என்று உருண்டு சித்தூர் போய்ச் சேர்ந்தது. மலையிலேயே வளர்ந்தவளுக்கு அந்தச் சமவெளியும் நெல்வயலும் தென்னந்தோப்பும் கண்கொள்ளாத காட்சி. ஆனால் அவள் கண் கடைப் பலகைகளைத்தான் தேடியது.

கருப்புசாமியின் கடை அவர் வீட்டு முன்கட்டிலேயே இருந்தது. ஈயம் உருகிய வாசனை தெரு வரைக்கும் வந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவர் வேனுக்குள் ஏறிப் பார்த்தார். என்லார்ஜரைத் தொட்டுப் பார்த்தார். இறங்கும்போது முகமெல்லாம் சிரிப்பு.

"ஏனுங்க அம்மிணி, ஊட்டையே வண்டிக்குள்ள வெச்சிருக்கறீங்க! டியூப்லைட்டுக்குச் செஞ்சிருக்கறனுங்க. போட்டோ மிசினுக்கு இதுவரைக்கும் ஆரும் கேட்டதில்லைங்க. எங்கிட்ட மூணு வகை இருக்குது. மூணையும் போட்டுப் பாத்துப் போடலாமுங்க."

முதல் வகை பட்டாளத்திலிருந்து கழித்துவிட்ட சாமான். பேட்டரியில் சுற்றும் மோட்டார் ஒரு பக்கம், அது சுற்றச் சுற்ற மறுபக்கம் வீட்டுக் கரண்ட். பச்சைப் பெயின்ட்டும் பித்தளைத் தகடுமாக அம்மிக்கல் கனத்தில் இருந்தது. அதைப் பார்த்ததுமே இன்னாசிராஜ் மயங்கிவிட்டான். "மதலே, பட்டாளத்துச் சாமான்! நம்ம ஆயுசுக்கும் வரும்."

இரண்டாவது வைப்ரேட்டர் பெட்டி. உள்ளே ஒரு தகட்டு நாக்கு படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். மூன்றாவது ரேடியோவுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் உதிரிகளை வைத்துக் கருப்புசாமி தானே செய்தது. சுற்றுவதும் இல்லை, அடிப்பதும் இல்லை. பார்க்க ஒன்றுமே இல்லாத தகரப் பெட்டி.

"எது நல்லதுன்னு பேசிக்கிட்டே இருந்தா ஆகாது. ஒரே படத்தை மூணுலயும் போடுவோம்" என்றாள் மதலேனம்மாள்.

படத்துக்கு ஆள்? கருப்புசாமியின் மனைவி கமலாத்தாள் அப்போதுதான் எருமைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தாள். கல்யாணத்துக்குக்கூடப் போட்டோ எடுக்காதவளாம். "நானா? இந்தக் கோலத்துலயா?" என்று உள்ளே ஓடியவள், தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். "எருமையோட எடுங்க கண்ணு. அதுதான் எனக்கு மூத்த புள்ளை."

இன்னாசிராஜ் எடுத்தான். ஃபிலிமைக் கழுவிக் காயவைத்து, வேனுக்குள் சிவப்பு விளக்கில் மதலேனம்மாள் உட்கார்ந்தாள். முதலில் பட்டாளத்து மோட்டார். உய்யென்று அது கிளம்பியதும் பல்பு ஜோராக எரிந்தது. வெளியே இன்னாசிராஜ் கை தட்டினான். ஆனால் காகிதத்தை மருந்துத் தட்டில் போட்டபோது எழும்பி வந்த கமலாத்தாளுக்கு நாலு கண் இருந்தது போலத் தெரிந்தது. மோட்டார் சுற்றும் அதிர்வில் வேன் நடுங்க, வேனோடு என்லார்ஜரும் நடுங்கிப் படம் கலங்கிவிட்டது. போதாக்குறைக்கு, பல்பை அணைத்த பிறகும் மோட்டார் சும்மா சுற்றிக்கொண்டே பேட்டரியைத் தின்றது.

"மோட்டாரைக் கீழே இறக்கி வச்சுப் பாரேன்" என்றான் இன்னாசிராஜ், விட மனசில்லாமல்.

"ஒவ்வொரு லயத்துலயும் நீங்களே ஏத்தி இறக்குவீங்களா?"

அவன் அதைத் தூக்கிப் பார்த்தான். உடனே கீழே வைத்துவிட்டான்.

வைப்ரேட்டரில் வெளிச்சம் கண்சிமிட்டியது. ஒரு படம் வெளுத்தும் அடுத்தது கறுத்தும் வந்தது. நாக்கு அடிக்கும் முனை சீக்கிரம் கருகிவிடும், அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும் என்று கருப்புசாமியே ஒளிக்காமல் சொன்னார்.

பிறகு தகரப் பெட்டி. சுவிட்சைப் போட்டதும் தேனீ மாதிரி மெல்லிய முரலல் கேட்டது, அவ்வளவுதான். பல்பு அசையாமல் நின்றது. மதலேனம்மாள் காகிதத்தை மருந்தில் நழுவவிட்டாள். முதலில் எருமைக் கொம்பு வந்தது. பிறகு பூ. பிறகு மூக்குத்தி, அந்த மூக்குத்தியின் ஒற்றைக் கல்லில் வெயில் பட்ட பொட்டு வரைக்கும் துலக்கமாக வந்தது. வெளிச்சத்தில் கறுக்காமல் நிறுத்தும் மருந்திலும் முக்கி எடுத்து, கதவைத் திறந்து, ஈரம் சொட்டச் சொட்டப் படத்தைத் தூக்கிக் காட்டினாள்.

கமலாத்தாள் அதை முகத்துக்கு நேராக வைத்து வெகுநேரம் பார்த்தாள். "ஏனுங்க, நான் இப்பிடியா இருக்கறேன்?" என்று புருஷனைக் கேட்டாள். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு தலையை ஆட்டினார்.

"இதேதான் வேணும்" என்று இன்னாசிராஜே கூவினான். ஆனால் மதலேனம்மாள் முடிக்கவில்லை. அடைத்த வேனுக்குள் வேர்த்துக் கொட்டும். ஃபிலிம் சீக்கிரம் காயவும் காற்று வேண்டும். அதனால் மேஜை மின்விசிறியையும் சேர்த்துப் போட்டாள். விசிறி கிளம்பிய கணத்தில் பல்பு மங்கி அழுது வழிந்தது.

"நூத்தம்பது வாட்டுன்னு சொன்னீங்களே, அண்ணாச்சி?"

கருப்புசாமி காதைச் சொறிந்தார். "அது கொஞ்ச நேரத்துக்குத் தாங்கறதுங்க. நாள் பூரா ஓடோணும்னா நூறுதான். அதுவுமில்லாம மோட்டாருன்னா கிளம்பறப்ப ஒரு இழுப்பு இழுக்கும். ரெண்டும் ஒண்ணா வேணும்னா டிரான்சிஸ்டரை ரெட்டிப்பாப் போட்டுப் பெரிசாத்தான் செய்யோணும். செய்யட்டுங்களா?"

"செய்யுங்க. இங்கேயே கிடக்கோம்."

பக்கத்துத் தோப்பில் வேனை நிறுத்திக்கொண்டார்கள். அந்த வாரம் முழுக்க மதலேனம்மாள் கருப்புசாமியின் பட்டறைக்கும் வேனுக்கும் நடந்தபடி இருந்தாள். அவர் தாமிரக் கம்பியைச் சுற்றுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். சூடு போக அலுமினியத் தகடுகளைப் பெட்டிக்கு வெளியே வரிசையாக நிறுத்தினார். பெட்டியைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைத்து, விரல் தடிமனுக்குக் குட்டையான கம்பியால் இணைத்தார். "இந்தக் கம்பி நீளமாவும் ஒல்லியாவும் இருந்துதுன்னா வழியிலேயே பாதி கரண்ட்டு போயிருமுங்க" என்றார். இரண்டாவதாக ஒரு பேட்டரியும் வைக்கச் சொன்னார், படம் போட்டே தீர்ந்துபோய் வண்டி கிளம்பாமல் நின்றுவிடக் கூடாதே என்று. கமலாத்தாளின் படத்தைப் பார்த்து அந்தத் தெருப் பெண்கள் எல்லாரும் படம் கேட்டு வந்ததில் செலவுக்கும் குறைவில்லை.

விசிறியும் பல்பும் ஒன்றாகப் போட்டு, வெளிச்சம் துளியும் அசையவில்லை என்று பார்த்தபிறகுதான் வேன் மலைக்குத் திரும்பியது.

முதல் படம் ஏலப்பாறையைத் தாண்டி ஒரு எஸ்டேட்டில். ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்த கத்தரீனாள் என்கிற கொழுந்துக்காரி மகனை இழுத்துக்கொண்டு வந்தாள். மகன் செபாஸ்டின் பட்டாளத்துக்குத் தேர்வாகியிருந்தான். அன்று மத்தியான பஸ்ஸில் புறப்படுகிறான்.

"ரெண்டு பேரையும் சேத்து ஒரு படம் எடு தம்பி. இவன் கையில குடுத்தனுப்பணும். ஆகுமா?"

இன்னாசிராஜ் மனைவியைப் பார்த்தான். மதலேனம்மாள், "ஆகும்" என்றாள். சொல்லிவிட்டு மருந்துத் தட்டுகளை எடுத்து வைக்க வேனுக்குள் ஏறினாள்.

படம் எடுத்த கையோடு ஃபிலிம் மருந்துக்குள் போனது. விசிறி சுற்ற, மழை ஈரத்திலும் ஃபிலிம் சுருண்டு காய்ந்தது. வெளியே லயமே கூடிவிட்டது. பிள்ளைகள் வேன் தகரத்தில் காதை வைத்து முரலலைக் கேட்டார்கள். "பஸ்ஸு வளைவுல வருது!" என்று யாரோ கத்தியபோது காகிதம் அப்போதுதான் மருந்தில் மிதந்தது. மதலேனம்மாள் தட்டை ஆட்டி ஆட்டி, "வா, வா" என்று அதனிடமே சொல்லிக்கொண்டிருந்தாள். தாயும் மகனும் தோளோடு தோள் சேர்ந்து மேலெழும்பி வந்தார்கள்.

பஸ் நின்றது. செபாஸ்டின் பெட்டியோடு ஏறிவிட்டான். டிரைவர் ஹாரன் அடித்தார். இன்னாசிராஜ் குறுக்கே போய் நின்றுகொண்டான். "ஒரு நிமிஷம் அண்ணே, ஒரே நிமிஷம்!"

வேன் கதவு திறந்தது. ஈரப் படத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மதலேனம்மாள் ஓடினாள். செபாஸ்டின் ஜன்னல் வழியே கை நீட்டி வாங்கினான். பார்த்தான். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து எட்டிப் பார்க்க, டிரைவரே இறங்கி வந்து பார்த்தார். "இப்பத்தான் எடுத்ததா? இதே படமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கத்தரீனாளுக்குக் கூடவே போட்ட இன்னொரு பிரதி தயாராக இருந்தது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

அன்று சாயங்காலத்துக்குள் கைவசம் இருந்த காகிதம் அத்தனையும் தீர்ந்துபோய், இன்னாசிராஜ் குமுளிக்கு ஆள் அனுப்ப வேண்டியிருந்தது.

அந்த வேனிலேயே பல வருஷத்தை ஓட்டினார்கள். அவர்களுடைய மூத்த பெண் ரோசி தவழ்ந்ததும் நடந்ததும் அதற்குள்தான். பெட்டியில் டிரான்சிஸ்டர் கருகிப்போகும்; கருப்புசாமி தபாலில் வேறு அனுப்புவார்; மதலேனம்மாளே ஈயம் வைத்து மாட்டிக்கொள்வாள். வேன் வந்து நிற்கும் லயத்தில் அன்றைக்கு வேலை ஓடாது என்று கங்காணிகள் குறைப்பட்டுக்கொள்வார்கள். குறைப்பட்டுக்கொண்டே, வேட்டியைச் சரிசெய்து வரிசையில் வந்து நிற்பார்கள்.