செத்தவருக்கு ஒரு சம்மன்

என்னைப் போலச் சம்மன் கொண்டுவரும் கோர்ட்டு அமீனா வந்து நின்றால் எந்த வீட்டிலும் வாங்க என்று சொல்ல மாட்டார்கள். கரண்ட் ரீடிங் எடுப்பவர்கள், தவணை கேட்டுப் போகிறவர்கள் என்று அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டிப் பிழைக்கும் என் இனத்தவரே, உங்களுக்கு நாய் பயம் மட்டும்தான் இருக்கும். எனக்கு வேறு பயமும் உண்டு.

இருமல்

செல்வி அல்லிநகரத்தில் தையல் வேலை பார்க்கிறவள். தன் ஐந்து வயது மகளுக்குத் தகப்பன் கெங்குவார்பட்டி முருகேசன்தான் என்று கோர்ட்டு சொல்ல வேண்டும் என மனுப் போட்டிருந்தாள். கட்டிக்கொள்கிறேன் என்றவன், பிள்ளை என்றதும் மலைக்கு மேலே ஏலத் தோட்டத்துக்கு ஓடிவிட்டான். தெருவில் ஆளுக்கொரு தகப்பன் பேரைச் சொல்லிச் சிரித்தார்கள். அந்த வாய்களை அடைக்க அவளுக்கு வேறு வழியில்லை.

சம்மனோடு நான் போனபோது முருகேசனின் படம் மாலையோடு தொங்கியது. தோட்டத்தில் காய்ச்சல் கண்டு செத்துப்போனான், அங்கேயே அடக்கம் பண்ணியாயிற்று என்றார் அவன் அம்மா. ஊரைக் கூட்டிக் கருமாதியும் முடித்திருந்தார்கள். இறப்புச் சான்றிதழ் கேட்டால் இன்னும் வரவில்லையாம். அந்த நேரம் பார்த்து உள்ளறையில் ஓர் ஆண் இருமினான். வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அந்தம்மா கண் இமைக்காமல் சொன்னார்: "அவன்தான் இருமுறான். செத்தவுகளும் இருமுவாகய்யா."

காக்காய்க்கு வைத்த சோறு

வாங்க ஆளில்லாத சம்மனைக் கதவில் ஒட்டிவிட்டு வரச் சொல்வார்கள். பசையோடு மறுபடி போனேன். அன்று அமாவாசை. சுவர்மேல் இலையில் படையல் சோறு காய்ந்துகொண்டிருந்தது. முருங்கை மரம் நிறையக் காக்காய்கள், ஒன்றுகூட இறங்கவில்லை, கத்தவும் இல்லை.

ஒட்டியதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட வந்த பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் அந்தக் காக்காய்களைக் காட்டினேன். கையெழுத்தை முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "காக்கா தொடாதுய்யா. பொழுது சாஞ்சா அவனே வந்து தின்னுட்டுப் போறான். நாங்க பாத்தாலும் பேர் சொல்லிக் கூப்புடுறதில்ல."

டவாலி கூப்பிட்டபோது

விசாரணை அன்று கோர்ட்டு வாசலில் நின்று டவாலி, முருகேசன் பேரைக் கூப்பிட்டார். யாரும் வர மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வராண்டாக் கோடியிலிருந்து தாடியும் மீசையுமாக ஒருவன் எழுந்தான். வெயில் பட்டே நாளான முகம். பெஞ்சில் இருந்த அவன் ஊர்க்காரர்கள் சத்தமில்லாமல் தள்ளிப் போனார்கள். நான் முதலில் பார்த்தது அவன் கால் தரையில் படுகிறதா என்றுதான். நீங்களும் அதைத்தான் பார்த்திருப்பீர்கள்.

வழக்குக்குப் பயந்து அம்மாவும் தானும் சேர்ந்து செய்த ஏற்பாடுதான் அந்தச் சாவு என்று கூண்டில் ஏறிச் சொன்னான் முருகேசன். ஆனால் கருமாதி முடிந்ததும் அம்மாவே மாறிவிட்டாராம். எள்ளும் தண்ணீரும் இறைத்து அனுப்பிய பேரைத் திரும்பக் கூப்பிடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டார். சோற்றையும் வாசலுக்கு வெளியே வைத்தார். சில நாள் தன் குரலே தனக்குப் பயமாக இருந்தது என்றான். "என் பேரச் சொல்லிக் கூப்புடுறது இந்தக் கோர்ட்டு ஒண்ணுதான்யா. அதான் வந்தேன்."

ஒரு கை

ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். தகப்பன் அவன்தான் என்று வந்தது. அப்படியே தீர்ப்பும் ஆனது. இனிமேல் யாரும் வேறு பேர் சொல்ல முடியாதே என்று செல்வி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டு அழுதாள்.

முருகேசன் தயங்கித் தயங்கி மகளிடம் கையை நீட்டினான். அப்பா செத்துப்போனார் என்று கொஞ்ச நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை அது. செல்வி கண்ணைக் காட்டியதும் பிடித்துக்கொண்டது. பிடித்த கையைப் புரட்டிப் பார்த்தது. பிறகு அம்மா பக்கம் திரும்பி, ரகசியம் போலக் கேட்டது: "ஏம்மா, செத்தவுக கையும் சூடாவா இருக்கும்?"

செத்தவனுக்கே சம்மன் கொடுத்தவன் என்று ஆபீசில் நான் பீற்றிக்கொள்வதுண்டு என்றாலும், அந்தப் பிள்ளைக்குப் பதில் கொண்டுபோய்க் கொடுக்க இதுவரை எந்தக் கோர்ட்டும் என்னை அனுப்பவில்லை.