மீனின் வாலைப் பிடித்தவள்

கார்லா நீமிக்கு நாற்பத்தொரு வயது. பகலில் அமெரிக்காவின் டுலூத் நகரில் ஒரு பள்ளிச் சமையலறையில் உருளைக்கிழங்கு வேகவைப்பாள். சாயங்காலம் எங்கள் பெண்கள் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் ஆள்களை முட்டிச் சாய்ப்பாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டால் அவள் கண்ணுக்கு நாங்கள் எல்லோரும் மாவு மூட்டைகள்தான். எதிரணியில் பந்தை எறிபவளைப் பாய்ந்து பிடிப்பது அவள் வேலை. இந்த வருஷத்தோடு போதும் என்று சொல்லியிருந்தாள். முழங்கால் தேய்ந்துவிட்டது, வேகம் போய்விட்டது என்று அவளே புலம்புவாள். நாங்கள் ஆமாம் போட்டால் அடிக்க வருவாள்.

பயிற்சியில் அவளைத் தடுப்பது ஷெல்பியின் வேலை. அணிக்குப் புதுசு, வாய் நீளம். தடுப்பவள் தள்ளலாம், சட்டையைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஷெல்பி தினமும் இழுத்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமை கார்லாவின் சட்டை தோளிலிருந்து கிழிந்தது.

"கையை எடுடீ! இது மைதானமா, தள்ளுபடி துணிக்கடையா?"

"வயசானவங்க விழுந்துடக் கூடாதேன்னு பிடிச்சேன்!"

அவ்வளவுதான். இரண்டு பேரும் கட்டிப் புரண்டு தண்ணீர்ப் பீப்பாயைச் சாய்த்தார்கள். நாங்கள் விலக்காமல் நின்று ரசித்தோம், பொய் சொல்வானேன்.

கோச் ஆர்லன் கத்தவே மாட்டார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். அவர் வண்டியில் சண்டை போட்ட பிள்ளைகள் முன் சீட்டில் கைகோத்து உட்கார வேண்டும். எங்களுக்கும் அதே சட்டம்.

"சனிக்கிழமை மேட்ச்ல ரெண்டு பேரும் ஆட வேண்டாம். கார்லா, நீதான் மீன். ஷெல்பி, நீ மீனைக் கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போ."

மீன் என்பது எங்கள் அணியின் வேஷம்: ஆட்டத்தின்போது கூட்டத்துக்கு வேடிக்கை காட்ட ஒருவர் மாட்டிக்கொள்ளும், பஞ்சு திணித்த ஆளுயர மீன் உடுப்பு. உள்ளே இருப்பவருக்கு மீனின் வாய் வழியாகத்தான் உலகம் தெரியும். கைகொடுக்க ஆள் இல்லாவிட்டால் கம்பத்தில் மோதிக்கொள்வார்.

கார்லாவின் முகம் தொங்கிவிட்டது. "தோத்தா சீசனே முடிஞ்சுது கோச். கடைசி ஆட்டத்துல நான் மீனா?"

"அப்ப ஜெயிக்கணும்னு வேண்டிக்கோ."

சனிக்கிழமை ஜூலை வெயில் கொளுத்தியது. "இடது பக்கம் திரும்புங்க, மீன் மேடம்." "வாயை மூடுடீ." "குழந்தை ஒண்ணு கைகாட்டுது, வாலை ஆட்டுங்க." "உன்னை வறுத்துடுவேன்." கூட்டம் ஆட்டத்தை விட்டுவிட்டு இவர்களைத்தான் பார்த்தது.

கடைசி நிமிஷம். நாங்கள் கொஞ்சம்தான் முன்னால் இருந்தோம். எதிரணிக்காரி ஒருத்தி பந்தோடு பிய்த்துக்கொண்டு எங்கள் ஆள்களும் மீனும் நின்ற ஓரக்கோட்டை ஒட்டி ஓடிவந்தாள். அவள் கடைசிவரை போய்விட்டால் நாங்கள் காலி. பின்னால் துரத்திக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான், எனக்கோ மூச்சு முட்டியது. அப்போது பார்த்தேன்: மீன் குனிந்துவிட்டது! கார்லா பாய்வதற்கு முன் குனிகிற அதே குனிவு. வெளியாள் உள்ளே வந்து பந்தோடு ஓடுபவளைத் தொட்டால் நடுவர் அவர்களுக்கே புள்ளியைக் கொடுத்துவிடுவார். எல்லாம் தெரிந்தும் மீன் பாய்ந்தது.

ஷெல்பி இரண்டு கையாலும் வாலைப் பிடித்துத் தரையில் உட்கார்ந்தாள். மீன் கோட்டுக்கு இந்தப் பக்கமே தொப்பென்று விழுந்தது. ஓடிவந்தவள் ஒரே ஒரு கணம் மீனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்தக் கணம் எனக்குப் போதும். அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு விழுந்தேன். நடுவர் விசில் ஊதினார். ஜெயித்துவிட்டோம்!

எழுந்து ஓடிப் போனால் அங்கே இன்னும் சண்டை.

"ஆட்டத்தையே கெடுக்கப் பாத்தீங்களே!"

"அது கிடக்கட்டும். தினமும் ஏண்டீ என் சட்டையை இழுக்கிற?"

"வேற எப்படி உங்களை நிறுத்துறதாம்? இழுத்துப் பிடிச்சாலே பாதி நாள் தப்பிச்சுப் போயிடுறீங்க!"

 மீனுக்குள் விசும்பல் கேட்டதாக எனக்குத் தோன்றியது. கோச் வந்து மீனின் வாய்க்குள் குனிந்து பார்த்தார். "அடுத்த சனிக்கிழமை ஆடுறியா?"

"இருங்க கோச்," என்றது மீன். "ஏய் ஷெல்பி, இந்தத் தலைக்குள்ள ஒண்ணும் சரியாக் கேக்கல. இப்ப சொன்னியே, அதை இன்னொரு தடவை சத்தமாச் சொல்லு."

ஷெல்பி மைதானம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். வாலை மட்டும் இன்னும் விடவில்லை.