என் கால் முப்பத்தெட்டு

என் கால் முப்பத்தெட்டு. நாற்பத்திரண்டு வயது வரை அது எனக்குத் தெரியாது. அதுவரை எந்தச் செருப்புக் கடைக்குப் போனாலும் நாற்பத்தொன்று என்றுதான் கேட்பேன். பெண்கள் பக்கத்தில் அந்த அளவு பெரும்பாலும் இருக்காது. கடையில் நிற்கும் பெண் உள்ளே போய்த் தேடுவதுபோல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து உதட்டைப் பிதுக்குவாள். நான் ஆண்கள் பக்கம் போய்விடுவேன்.

என் பாதம் குட்டை, ஆனால் அகலம். விரல்கள் தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் பரந்துகொண்டு போகும். கிறிஸ்மஸுக்குச் செருப்பு வாங்க சிராங்கூன் ரோட்டுக் கடைகளுக்குப் போனால், கடைக்காரர் வாயைத் திறப்பதற்கு முன்பே அம்மா சொல்லிவிடுவார். "இவளுக்குக் கால் முறம் மாதிரி இருக்கும். பெருசா எடுத்துக் காட்டுங்க." கடைக்காரர் குனிந்து பார்ப்பார். பக்கத்தில் வேறு யாராவது செருப்பு வாங்கிக்கொண்டிருந்தால் அவர்களும் குனிந்து பார்ப்பார்கள். பத்து வயதில் நான் விரல்களை மடக்கிக்கொண்டு நிற்கப் பழகிவிட்டேன்.

எங்கள் வீட்டில் இதற்கு ஒரே வைத்தியம்தான். இறுக்கமாக இருந்தால் ஒரு நம்பர் கூட்டு. அப்போதும் பத்தவில்லையா, இன்னொரு நம்பர் கூட்டு. குதிகால் நழுவினால் பின்னால் பஞ்சை வை. பள்ளிக்கூடக் காலணி முழுக்கப் பஞ்சோடுதான் நடந்தேன். என்னால் வேகமாக ஓட முடியாது என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். நானும் அதை நம்பினேன்.

என் கல்யாணத்துக்கு மட்டும் அம்மா நம்பர் கூட்டவில்லை. வெள்ளைப் புடவைக்கு ஏற்ற வெள்ளை ஹீல்ஸ். பெரிதாக வாங்கினால் போட்டோவில் அசிங்கமாகத் தெரியுமாம். "ஒரு மணி நேரந்தானே, சிரிச்சுக்கிட்டே நட" என்றார். பீடம் வரை சிரித்துக்கொண்டே நடந்தேன். சுண்டுவிரல் தோல் உரிந்து, செருப்புக்குள்ளேயே ரத்தம் பிசுபிசுத்தது. ஆல்பத்தைப் பார்ப்பவர்கள் கல்யாணப் பெண்ணுக்கு என்ன வெட்கம் பாருங்கள் என்கிறார்கள். வெட்கமாவது, மண்ணாவது.

பெரிய வியாழன் பூசையில் ஃபாதர் பன்னிரண்டு பேருடைய பாதங்களைக் கழுவுவார். எங்கள் பங்குக் கோயிலில் பெண்களையும் அதில் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியபோது என்னைக் கேட்டார்கள். அன்றைக்கு ஆபீஸில் வேலை இருக்கிறது என்றேன். வேலை இல்லை. லீவு போட்டுவிட்டு வீட்டில்தான் இருந்தேன். அம்மாவிடம் சொன்னபோது, "நல்லவேளை, அந்தக் காலப் போயி அத்தன பேர் முன்னாடி நீட்டப் போறியோன்னு பாத்தேன்" என்றார்.

இப்படிப்பட்டவள் ஐஸ் ஹாக்கி ஆடப் போனேன் என்றால் யார் நம்புவார்கள்? ஜூரோங்கில் அப்போது ஒரு கடைத்தொகுதிக்குள் பனிச்சறுக்கு ரிங்க் இருந்தது. தஞ்சோங் பகாரில் என்னோடு ஆபீஸில் வேலை பார்த்தவர்கள் ஒரு நாள் எல்லாரையும் அங்கே இழுத்துக்கொண்டு போனார்கள். எனக்கு நாற்பது முடிந்திருந்தது. அடியில் தகடு வைத்த வாடகை ஸ்கேட்ஸை மாட்டிக்கொண்டு கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி இரண்டு சுற்று வந்தேன். மூன்றாவது சுற்றில் கையை விட்டுவிட்டேன். குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. கீழே பார்த்தால் என் காலும் மற்றவர்கள் காலும் ஒரே மாதிரி, கறுப்புப் பெட்டிக்குள் இருந்தன. பிறந்த நாளிலிருந்து எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை என்று சொன்னால் என் கணவருக்குக் கோபம் வரும். ஆனால் உண்மை அதுதான்.

அந்த ரிங்க்கில் பெண்கள் அணி ஒன்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பயிற்சி செய்யும். வயது, அனுபவம் எதையும் கேட்காமல் சேர்த்துக்கொண்டார்கள். அணித் தலைவி நம் தமிழ்ப் பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவள், கெட்டிக்காரி. முதல் நாளே "அக்கா, வாங்க" என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

சொந்த ஸ்கேட்ஸ் வேண்டும் என்றார்கள். ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு கனடாக்காரர் தன்னுடைய ஜோடியைக் கொடுப்பதாகச் சொன்னார். என்ன அளவு என்று கேட்டார். வாய் கூசாமல் நாற்பத்தொன்று என்றேன். அவருடையதும் அதே அளவுதான். போட்டுப் பார்த்தேன். அகலம் சரியாக இருந்தது, அதற்கு மேல் எதையும் யோசிக்கவில்லை. பின்னால் குதிகால் கிணற்றில் விட்ட வாளி மாதிரி ஏறி இறங்கியது. அதற்குத்தான் எங்கள் வீட்டு வைத்தியம் இருக்கிறதே. இரண்டு சாக்ஸ் போட்டேன், பஞ்சு வைத்தேன், பாதம் மரத்துப்போகும் வரை கயிற்றை இழுத்துக் கட்டினேன்.

இரண்டு வருடம் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து பையைச் சுமந்துகொண்டு ஜூரோங்குக்குப் பஸ்ஸில் போனேன். காலையில் பூசை, சாயங்காலம் ஹாக்கி. ஆட்டத்தில் அடித்து விரட்டுகிற அந்த ரப்பர் வில்லை எந்தப் பக்கம் வரும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தெரியும், அவ்வளவுதான். ஆனால் அங்கே போய்ச் சேருவதற்குள் கணுக்கால் உள்பக்கமாகச் சாய்ந்துவிடும். திரும்ப நினைத்தால் பூட்ஸ் திரும்பும், கால் அதற்குள் ஒரு விநாடி கழித்துத் திரும்பும். விழுவேன். எழுந்து நின்று பரவாயில்லை என்பேன். இரண்டு வருடத்தில் நான் அதிகமாகச் சொன்ன வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உடை மாற்றும் அறையில் எல்லாரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, சத்தம் போட்டுப் பேசிக்கொண்டே ஸ்கேட்ஸைக் கழற்றுவார்கள். நான் மட்டும் தகட்டுக்கு உறை மாட்டிக்கொண்டு கழிப்பறைக்குப் போய், கதவைச் சாத்தி, மூடியின் மேல் உட்கார்ந்து கழற்றுவேன். போகும்போதும் அப்படித்தான், வீட்டிலேயே சாக்ஸ் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். நான் கூச்ச சுபாவம் என்று அவர்கள் விட்டுவிட்டார்கள்.

அப்போதுதான் பாங்காக்கில் ஒரு போட்டி வந்தது. பதினைந்து பேர் போகலாம். அணியில் பதினேழு பேர் இருந்தோம். நான் அதை எவ்வளவு விரும்பினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். கடவுச்சீட்டைப் புதுப்பித்தேன். லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். என் பெயர் போட்ட சட்டையோடு ஓர் ஊருக்கு ஆடப் போகிறேன் என்று மனதுக்குள் எத்தனை தடவை சொல்லிக்கொண்டேனோ தெரியாது. அதற்கு முன்பு நான் போன பயணங்களெல்லாம் மற்றவர்களுடைய கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும்தான்.

பயிற்சி முடிந்து ஒரு ஞாயிறு, ரிங்க்குக்கு வெளியே தலைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு கேம் நல்லாத் தெரியுது. ஆனா கணுக்கால் வீக்கா இருக்கு. டர்ன் பண்றப்போ உள்ள சாயுது, நானே பாத்தேன். அங்க போயி விழுந்து அடிபட்டா என்ன பண்றது? நெக்ஸ்ட் இயர் பாப்போம் லா."

"பரவால்ல" என்றேன்.

அன்றைக்குப் பஸ்ஸில் மேல்மாடிக்குப் போய்க் கடைசி சீட்டில் உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். எதற்குச் செய்தேன் என்று இன்னும் எனக்கே புரியவில்லை. "நல்லதாப் போச்சு. ஒன் காலுக்கு அதெல்லாம் சரிப்படுமா? நான் அப்பவே சொன்னேன்" என்றார். அவர் அப்படி எதையும் சொன்னதில்லை. ஆனால் சொல்லியிருக்கக் கூடியவர்தான்.

ஸ்கேட்ஸை விற்றுவிடுவது என்று முடிவு செய்தேன். ஜூரோங்கிலேயே ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் நாலாவது மாடியில் தகடு தீட்டிக் கொடுக்கிற கடை ஒன்று உண்டு, பழைய சாமானும் எடுப்பார்கள் என்று கேள்வி. கடையில் ஒரு சீனர் மட்டும் இருந்தார். ஸ்கேட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே கை விட்டு நான் வைத்த பஞ்சை வெளியே எடுத்தார். அதைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். இதைப் போட்டுக்கொண்டு ஆடியது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான்தான் என்றேன். அன்றைக்கு ரப்பர் செருப்போடு போயிருந்தேன். என் காலைப் பார்த்தார். வழக்கம்போல் விரல்களை மடக்கினேன்.

கால் அளக்கும் இரும்புத் தட்டு ஒன்றைத் தரையில் வைத்து ஏறி நிற்கச் சொன்னார். உட்கார்ந்து அளக்கக்கூடாதாம், உடம்பு கனம் முழுக்க இறங்கினால்தான் பாதம் தன் அளவைக் காட்டுமாம். விரலை நீட்டுங்கள் என்றார். நீட்டினேன். இரண்டு காலையும் அளந்தார். பிறகு சொன்னார், நீளம் முப்பத்தெட்டு, அகலம் மட்டும்தான் அதிகம். ஹாக்கி ஸ்கேட்ஸ் சாதாரணக் காலணியைவிட ஒரு அளவு குறைத்தே போட வேண்டும், நுனிவிரல் முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும், குதிகால் அசையவே கூடாது என்றார். நான் பனியில் நின்றது இரண்டு தொட்டிகளுக்குள். இத்தனை நாள் இதில் நிற்கவே முடிந்ததென்றால் என் கணுக்கால் மிகவும் பலமானது என்றார். பாராட்டு மாதிரி சொல்லவில்லை. தகடு மழுங்கியிருக்கிறது என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார். பிறகு எங்கே வலிக்கும் என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை.

அகலக் காலுக்கென்றே செய்த 'வைட்' ஸ்கேட்ஸ் இருக்கிறது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஒரே நீளத்தில் மூன்று அகலம் செய்கிறார்களாம். உலகத்தில் என்னைப் போல் எத்தனையோ பேர் இருந்தால்தானே ஒரு தொழிற்சாலை அதற்காக அச்சு வார்க்கும்? அவர் ஒரு ஜோடியை அதற்கென்றே இருந்த மின்அடுப்பில் வைத்துச் சூடாக்கி என் காலில் மாட்டினார். கால் மணி நேரம் அசையாமல் உட்காரச் சொன்னார். பூட்ஸ் இளகி என் பாதத்தைச் சுற்றி மெல்லப் படிந்தது. எங்கேயும் வலிக்கவில்லை. கோபம்தான் வந்தது. முப்பது வருடப் பஞ்சுக்கும் சேர்த்து வந்தது.

கடைக்காரர் அளந்ததை அம்மாவிடம் சொன்னேன். "என் கால் முப்பத்தெட்டும்மா."

"அவனுக்கு என்ன தெரியும்? ஒன்னப் பெத்தவ நான்" என்றார்.

அணி பாங்காக்கிலிருந்து திரும்பிய பிறகு நடந்த முதல் பயிற்சிக்குப் புது ஸ்கேட்ஸோடு போனேன். என்ன சொல்வது? திரும்ப நினைத்தேன், திரும்பினேன். வில்லை வரும் இடம் தெரிந்தது, அது வருவதற்கு முன்பே அங்கே நின்றேன். இரண்டு கோல் போட்டேன். ஒருத்தி கையுறையால் என் ஹெல்மெட்டைத் தட்டினாள். தலைவி சறுக்கிக்கொண்டு வந்து என் காலைப் பார்த்தாள்.

"ஓ, வைட் எடுத்துட்டீங்களா அக்கா? குட் லா. நானும் வைட்தான். நம்ம டீம்ல நாலு பேரு வைட்."

"எனக்கு ஏன் சொல்லல?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போனது.

அவள் குழம்பிப்போனாள். "ஒங்களுக்கும் வைட்டுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் எங்ககூட ஒக்காரவே மாட்டீங்களே. ஒங்க கால நான் பாத்ததே இல்லயே."

அவள் சொன்னதில் ஒரு பொய்யும் கிடையாது. அதனால்தான் இன்றைக்கும் அது உறுத்துகிறது. அவளைத் திட்டலாம், அம்மாவைத் திட்டலாம், தினமும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அந்தப் பெஞ்சில் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு சாக்ஸைக் கழற்றியிருந்தால் நான் பாங்காக் போயிருப்பேன். கதவைச் சாத்தியது நான்.

அடுத்த வருடம் கண்டிப்பாக உங்களை எடுப்போம் அக்கா என்றாள். அடுத்த வருடம் வருவதற்குள் அந்த ரிங்க்கை மூடிவிட்டார்கள். அணி கலைந்துபோனது. ஸ்கேட்ஸ் வீட்டில் அலமாரியின் மேல் கிடக்கிறது. எனக்கு மட்டும்தான் அது பொருந்தும், யாருக்கும் கொடுக்கவும் முடியாது.

ஆனால் மூடுவதற்கு முன், என் காலைப் பார்த்ததே இல்லை என்று தலைவி சொன்னதற்கு அடுத்த ஞாயிறு, நான் கழிப்பறைக்குப் போகவில்லை. பெஞ்சில் அவளுக்கும் கோல்கீப்பருக்கும் நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். கயிற்றைத் தளர்த்தி ஸ்கேட்ஸைக் கழற்றினேன். சாக்ஸையும் உரித்தேன். இரண்டு பாதங்களையும் ஈரத் தரையில் முழுசாக ஊன்றி, பத்து விரல்களையும் விரித்து வைத்தேன். யாராவது ஏதாவது சொல்லட்டும் என்று காத்திருந்தேன். பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். கோல்கீப்பர் என் காலைத் தாண்டிப் போய்த் துண்டை எடுத்துக்கொண்டாள். தலைவி பாங்காக்கில் சாப்பிட்ட நண்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள், எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தியும் குனிந்து பார்க்கவில்லை.