தேடல் டீச்சரும் சந்தேகப்படுபவரும்

கணினி அறையில் பன்னிரண்டு கணினிகள் இருந்தன. ஒன்பது ஒழுங்காக வேலை செய்யும், இரண்டு மனது வைத்தால் வேலை செய்யும், மீதி ஒன்று தூசி தட்டுவதற்காகவே வாங்கியது போல மூலையில் கிடக்கும். இந்தப் பரிவாரத்தை வைத்துக்கொண்டு நான்காம் வகுப்பு டீச்சர் செய்த அமர்க்களம் கொஞ்சநஞ்சமல்ல. பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் தேடல் டீச்சர். அந்தப் பெயரைக் கேட்டுவிட்டால் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

பாடத்தை அவள் வாயால் சொல்லமாட்டாள், கேள்வியாகத்தான் கொடுப்பாள். குழாயில் வரும் தண்ணீர் எங்கிருந்து கிளம்புகிறது? தேனீக்கள் ஒரு வருடம் லீவு போட்டால் நமக்கு என்ன கிடைக்காமல் போகும்? விடுமுறை நாள் முழுக்க உட்கார்ந்து ஐந்து இணையப் பக்கங்களைப் பொறுக்கிப் பட்டியல் போட்டுத் தருவாள். பிள்ளைகள் மும்மூன்று பேராகப் பிரிந்து, அந்த ஐந்துக்குள் புகுந்து விடையைத் தோண்டி எடுக்க வேண்டும். ஒருவர் தேடுபவர், ஒருவர் எழுதுபவர், மூன்றாமவர் சந்தேகப்படுபவர். இந்த மூன்றாவது வேலைதான் அவளுடைய சொந்தக் கண்டுபிடிப்பு. யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும், வேறு யாராவது அதையே சொல்கிறார்களா என்று சந்தேகப்படுபவர் குடைந்துகொண்டே இருக்க வேண்டும். இரண்டு இடத்தில் ஒத்துப்போகாத எதையும் தாளில் ஏற்றக் கூடாது. எல்லாம் முடிந்து வகுப்பின் முன்னால் படிக்கும்வரை டீச்சர் எட்டிக்கூடப் பார்க்கமாட்டாள். அதில் அவளுக்குத் தனிக் கர்வம்.

அவள் படித்த காலத்தில் கேள்வி கேட்டால் முட்டியில் ஸ்கேல் விழும். அந்த வலியை மறக்காமல் வைத்திருந்து, தன் பிள்ளைகள் எதையும் அப்படியே நம்பக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டாள். நல்ல விஷயம்தான், யார் குறை சொல்ல முடியும். ஆனால் அதே வகுப்பில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தது அவளுடைய சொந்த மகள். அந்த மகளிடம் ஆறு வருடமாக அவள் ஒரு பொய்யைப் பாலூட்டி வளர்த்து வந்தாள்.

அப்பா செத்துவிட்டார் என்பதுதான் அந்தப் பொய். லிஃப்ட் மெக்கானிக், உயரத்திலிருந்து விழுந்து போய்விட்டார். உண்மையில் விழவும் இல்லை, சாகவும் இல்லை. மகளுக்கு மூன்று வயதானபோது, இந்தக் குடும்பம் தனக்குச் சரிப்படாது என்று சொல்லிவிட்டுப் பையோடு போனவன், வேறொரு ஊரில் சௌக்கியமாக இருக்கிறான். செத்துவிட்டார் என்றால் குழந்தை கொஞ்ச நாள் அழுவாள், வேண்டாமென்று போய்விட்டார் என்றால் ஆயுசுக்கும் அழுவாள் என்று அவள் கணக்குப் போட்டாள். அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. தினம் படுக்கும்போது அப்பாவைப் பற்றி ஒரு கதை. அப்பா உனக்காக லிஃப்டுக்குள் பொம்மை மாட்டினார், அப்பா உன் பெயரைச் சொல்லித்தான் ஸ்பேனரைத் தொடுவார். அந்த ஆள் குழந்தையைத் தூக்கிய நாட்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். உண்மை தெரிந்தால் மகள் தன்னை மன்னிக்கமாட்டாள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் சொன்னாள்.

இந்த நேரத்தில் தலைமையாசிரியை ஒரு வார்த்தை சொன்னார். "அஞ்சு பக்கத்தை நீங்களே பொறுக்கிக் குடுத்தா அது தேடலா? மென்னு ஊட்டி விடுற மாதிரில்ல இருக்கு."

டீச்சருக்குச் சுருக்கென்று தைத்தது. ரோஷத்தில் அடுத்த தேடலுக்குப் பட்டியலே போடவில்லை. நீங்கள் தெரிந்துகொள்ள ஆசைப்படும் ஒரு மனிதரின் வேலையைப் பற்றித் தேடுங்கள், யாரென்று கடைசி நாள்வரை ரகசியமாக வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டாள். மகள் யாரைத் தேடுவாள் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். ஊரார் பிள்ளைகளுக்குச் சந்தேகப்படக் கற்றுக்கொடுத்தவளுக்குத் தன் மேல் சந்தேகம் வரவில்லை.

தேடலுக்குக் கொடுத்திருந்த இரண்டு வாரமும் மகள் வீட்டில் துருவித் துருவிக் கேட்டாள்.

"அம்மா, அப்பா எந்த ஊர்ல விழுந்தார்?"

பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஏதோ ஒரு ஊரைச் சொன்னாள். நாலு நாள் கழித்து அதே கேள்வி வந்தது. இந்தத் தடவை வாயில் வேறு ஊர் வந்தது. அப்பா ஏக்கம் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டு மகளின் தலையைத் தடவிக்கொடுத்தாள். மகள் உள்ளே போய் இரண்டு ஊரையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தாள்.

படிக்கும் நாள் வந்தது. மகளின் குழுவில் சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒருத்தி தேடுபவர், வகுப்பின் வாயாடி எழுதுபவர், மகள் சந்தேகப்படுபவர். பள்ளிக்கூடத்தில் அவள் அம்மாவை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். அது வீட்டில் போட்ட சட்டம்.

"டீச்சர், எங்க மனிதர் ஒரு லிஃப்ட் மெக்கானிக்," என்று மகள் ஆரம்பித்தாள்.

"அவர் இறந்துட்டார்னுதான் முதல்ல நினைச்சோம். அப்படி ஒருத்தங்க சொன்னாங்க. ஆனா அவங்க மட்டும்தான் சொன்னாங்க. கேக்கும்போதெல்லாம் வேற வேற ஊர் சொன்னாங்க. அதனால அவர் பேரையும் வேலையையும் போட்டுத் தேடினோம்."

கண்ணாடிக்காரி திரையில் படத்தைப் போட்டாள். லிஃப்ட் கம்பெனியின் பக்கம், நீலச் சட்டையில் ஏழு பேர், கீழே பெயர்கள், போன மாதத் தேதி. இடமிருந்து மூன்றாவது ஆள் கொஞ்சம் பெருத்திருந்தான். அடுத்த படம் ஊர்ச் செய்தி ஒன்று. அவன் தோளில் ஒரு சின்னப் பெண், கையில் ஓட்டப்பந்தயக் கோப்பை. மகளுடன் என்று கீழே போட்டிருந்தது.

"ரெண்டு இடம் ஒத்துப்போகுது டீச்சர். அதனால அவர் உயிரோட இருக்கார்னு எழுதியிருக்கோம்."

வகுப்பு கைதட்டியது. படித்து முடித்ததும் யாராவது ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பது டீச்சர் போட்ட விதி. கடைசி பெஞ்சிலிருந்து கேள்வி வந்தது. "அவர் செத்துட்டார்னு சொன்ன அந்த ஒருத்தங்க யாரு?"

மகள் டீச்சரைப் பார்த்தாள். "அதை எழுதலை. எழுதணுமா டீச்சர்?"

"வேண்டாம்," என்றாள் டீச்சர். வழக்கம்போலப் பிள்ளைகளே கலந்து பேசி அந்தக் குழுவுக்கு முழு மதிப்பெண் போட்டார்கள்.

வீட்டுக்கு வந்து டீச்சர் எல்லாவற்றையும் மகளிடம் கொட்டிவிட்டாள். போனது, ஏன் போனான் என்பது, தான் போட்ட கணக்கு, ஒன்று விடவில்லை. மகள் ஷூவைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு, "அவருக்கு எழுதியிருக்கோம். கம்பெனியோட இணையப் பக்கத்துல எழுதுறதுக்கு இடம் இருந்துச்சு. பதில் வரட்டும்," என்றாள். ராத்திரி படுக்கையில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்று நாள் ஒவ்வொரு இடைவேளையிலும் மகள் கணினி அறைக்கு ஓடினாள். பதில் வரக் கூடாது என்று டீச்சர் மனதுக்குள் வேண்டிக்கொண்டாள். வந்தால் குழந்தை அவன் பக்கம் சாய்ந்துவிடும், தனக்கென்று இருப்பது இந்த ஒரு ஜீவன்தான், அதுவும் போய்விடும். நாலாம் நாள் பதில் வந்தது. மகள் உட்கார்ந்து திறந்தாள், டீச்சர் பின்னால் நின்று படித்தாள்.

"எனக்கு ஒரே மகள்தான், நாலு வயது. நீங்கள் வேறு யாரையோ நினைத்து எழுதியிருக்கிறீர்கள். இனிமேல் எழுத வேண்டாம்."

அதைப் படித்ததும் டீச்சருக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். வெட்கம்கெட்ட சந்தோஷம். பெற்ற பிள்ளையை ஒருவன் இல்லையென்று சொல்லிவிட்டான், அதற்குப் போய் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு. இனி இவள் எங்கே போவாள், என்னிடம்தானே வந்தாக வேண்டும்.

சாயங்காலம் இருவரும் நடந்து வீட்டுக்குப் போனார்கள். மகளின் பையைத் தான் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். பாதி வழியில் வாய் சும்மா இருக்கவில்லை.

"பாத்தியா? இதுக்குத்தான் உங்கிட்ட மறைச்சேன். கொஞ்சம்கூடக் கூசாம எப்படிப் பொய் சொல்றார் பாரு."

மகள் நின்றாள். அம்மாவின் தோளிலிருந்து பையைத் திரும்ப இழுத்துத் தன் முதுகில் மாட்டி, வாரைச் சரிசெய்துகொண்டாள்.

"அவர் ஒரு தடவைதான் சொன்னார்," என்றாள். "நீ தினமும் சொன்னே."