யார் சொன்ன ரைட்டு?

1. முதல் நாள்

தென்காசியிலிருந்து குற்றாலம் வழியாகச் செங்கோட்டை போகும் தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக ஏறிய முதல் நாளே டிரைவர் சங்கரபாண்டி அண்ணாச்சி சொல்லிவிட்டார்.

“ஏலே, கூட்டத்துல பின் படிக்கட்டு எனக்குத் தெரியாது. ஆளு ஏறுதா, எறங்குதானு பாத்து நீதான் ரைட் கொடுக்கணும். காதுல விழுந்தா நான் எடுத்துருவேன்.”

எங்கள் ஊரில் இந்த ஒரு சொல்லை வைத்தே பாதி நாளை ஓட்டிவிடலாம். கிளம்பும்போது “ரைட்டு, வாரேன்.” ஒருவன் கதை அளந்துகொண்டே போனால் “ரைட்டு, ரைட்டு.” டயர் பஞ்சரானால் “ரைட்டு, சோலி முடிஞ்சுது.” அண்ணாச்சி கோபத்தில் இருந்தால் நான் எதைச் சொன்னாலும் வெறும் “ரைட்டு”தான். அன்று டீக்கடையில் என் பக்கமே திரும்ப மாட்டார்.

2. சீசன் கூட்டம்

சாரல் விழுந்துவிட்டால் பஸ்ஸுக்குள் நகர முடியாது. ஈரத் துண்டும் எண்ணெய்த் தலையுமாக நெரியும். நான் முன்னால் மாட்டிக்கொண்டால் பின் படிக்கட்டில் நிற்பவர்களே பார்த்து “ரைட்டு” என்பார்கள். அண்ணாச்சி எடுத்துவிடுவார். எல்லா பஸ்ஸிலும் இதுதான் வழக்கம். நாங்கள் யாரும் தப்பாக நினைத்ததில்லை.

ஒரு நாள் குற்றாலத்தில், நான் முன்னால் மாட்டிக்கொண்டிருந்தபோது, பூக்கார அக்கா ஒருவர் கூடையோடு இறங்கிக்கொண்டிருந்தார். குளித்துவிட்டு ஏறிய கும்பலில் ஒருவன் விளையாட்டாக “ரைட்டு!” என்று கத்தினான். பஸ் நகர்ந்தது.

“ஏ, நிப்பாட்டுங்க! ஆளு விழுந்துட்டு!”

அக்காவுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

3. முதலாளி முன்னால்

“ரைட் சொன்னது யாருய்யா?”

நான் வாய் திறப்பதற்குள் அண்ணாச்சி முந்திக்கொண்டார். “எவன் சொன்னா என்ன மொதலாளி? ஸ்டியரிங் எங் கையிலதான இருந்துது.”

சொன்னவன் எந்த ஊர் போய்ச் சேர்ந்தானோ. அண்ணாச்சியை ஷெட்டில் பஸ் கழுவப் போட்டார்கள். அப்புறம் அவர் வண்டியே எடுக்கவில்லை. அத்தனை வருஷம் ஒரு கீறல் விழாமல் ஓட்டிய மனுஷன். இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

புதிதாக வரும் தம்பிகளே, எவ்வளவு கூட்டமானாலும் கீழே இறங்கி, பின் படிக்கட்டைப் பார்த்து, நீங்களே ரைட் கொடுங்கள். அதை இரவல் வாங்காதீர்கள்.

போன வாரம் ஷெட்டுக்குப் போயிருந்தேன். பேசி முடித்து, பழக்க தோஷத்தில் “ரைட்டு அண்ணாச்சி” என்று எழுந்தேன். அவர் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டு, எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

அதன் பிறகுதான், “சரிலே, போயிட்டு வா” என்றார்.